புது சட்டம் வந்திருச்சுன்னு சொன்னா மொதல்ல திகதியக் கேளுங்க

எங்க பெரியம்மா இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல 32 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. 2024 மே 1ஆம் திகதி கொட்டகலை மே தினக் கூட்டத்துல அப்ப இருந்த ஜனாதிபதி ரணில் நாள் சம்பளம் 1,700ன்னு அறிவிச்சாரு, கெசட்டும், அதாவது அரசாங்க வர்த்தமானியும், வந்திருச்சுன்னு எல்லா போன்லயும் ஓடுச்சு, லயத்துல, எங்க தோட்ட வீட்டு வரிசைல, பட்டாசு மட்டுந்தான் வெடிக்கல. பெரியம்மா அன்னைக்கு ராத்திரியே, வேலய விட்டா கெடைக்கிற சேவைக்காலப் பணத்துக்கு ஒரு கொப்பியில கணக்கு போட்டாங்க. 14 நாள் சம்பளம், பெருக்கல் 1,700, பெருக்கல் 32 வருஷம். 761,600 வந்துச்சு. சரி இனி முட்டு வலியோட மலை ஏற வேணாம், பேர எடுத்துருவோம், அதாவது வேலய விட்டுருவோம்னு முடிவு பண்ணி ஆகஸ்ட்ல லெட்டர் குடுத்துட்டாங்க.

கையில வந்தது 448,000.

ஆபிஸ்ல ஏமாத்திட்டாங்கன்னு வீட்ல ஒரே சண்டை. நான் டவுன்ல ஒரு கொமினிகேஷன்ல போட்டோகொப்பி அடிச்சு, போம் நெரப்பிக் குடுத்து பொழைக்கிறவன்ங்கிறதால தாளெல்லாம் என்கிட்ட வந்துச்சு. உக்காந்து பாத்தா ஆபிஸ் கணக்கு சரி. மே மாசம் கேட்ட அந்த 1,700 கெசட்டுக்கு ஜூலையில உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருச்சு, அதனால ஆகஸ்ட்ல பெரியம்மாவோட கடைசி நாள் சம்பளம் சட்டப்படி பழைய 1,000 ரூவாதான். செப்டெம்பர்லதான் 1,350ன்னு வேற கெசட் வந்துச்சு. ரெண்டே மாசம் பொறுத்திருந்தா 604,800. வித்தியாசம் 156,800 ரூவா. யாரும் திருடல, திகதி திருடிருச்சு.

அதுக்கப்புறம் கடைக்கு யாராவது வந்து "தம்பி, புது சட்டம் வந்திருச்சாமே, எனக்கு என்ன கெடைக்கும்"னு கேட்டா நான் மூணு கேள்விதான் திருப்பிக் கேக்குறது. எந்தத் திகதியிலருந்து? யாருக்கு? எந்த ஜன்னல்ல போய் கேக்கணும்? இந்த மூணுக்கும் பதில் கெடைக்கிற வரைக்கும் அது சட்டமில்ல, சேதி. எப்புடி பதில் தேடுறதுன்னு நான் கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன், நான் லோயர் இல்ல, ஆனா வருஷக்கணக்கா மத்தவங்க தாளப் படிச்சவன்.

மொதல்ல திகதி. பார்லிமென்ட்ல கை தூக்குன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னுதான் நம்மாளுங்க நெனைக்கிறது. அப்புடி இல்லைங்க. சட்டமூலம்னு ஒரு தாள் கெசட்ல வரும், பார்லிமென்ட்ல வைப்பாங்க, வேணாங்கிறவங்க உச்ச நீதிமன்றம் போவாங்க, விவாதம், வாக்கெடுப்பு, அப்புறம் சபாநாயகர் சான்றுரை எழுதி கையெழுத்து வைக்கிறப்பத்தான் அது சட்டம். அதுக்கப்புறமும் ஒரு படி இருக்கு. சில சட்டம் கையெழுத்து விழுந்த அன்னைக்கே வேல செய்யத் தொடங்கும், சிலதுல "அமைச்சர் வர்த்தமானியில் குறிப்பிடும் திகதியிலிருந்து"ன்னு எழுதியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு கையெழுத்து விழுந்தது 2016 ஆகஸ்ட் 4, நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. சரியா ஆறு மாசம். ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்ல கையெழுத்து, செப்டெம்பர் 15லருந்து நடைமுறை. நம்ம ஐடென்டிகாட் நம்பர், போன் நம்பரெல்லாம் கண்டவன் வச்சுக்கக் கூடாதுன்னு வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்லயே கையெழுத்தாயிருச்சு, முக்கியமான பகுதியெல்லாம் 2025 மார்ச் 18லருந்துன்னு சொன்னாங்க, அந்தத் திகதி வர்றப்போ அதையும் தள்ளி வச்சுட்டாங்க. அதனால "சட்டம் பாஸாயிருச்சு"ன்னு செய்தியில சொன்னா அது கல்யாணம் பேசி முடிச்ச மாதிரி, முகூர்த்தம் எப்பன்னு தனியா கேக்கணும்.

எங்க பாக்குறது? அரசாங்க அச்சகத்தோட சைட் இருக்கு, டொக்யுமென்ட்ஸ் டொட் ஜிஓவி டொட் எல்கே. போன்லயே திறக்கும். சட்டம், சட்டமூலம், வாராந்த வர்த்தமானி, அதிவிசேட வர்த்தமானின்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. வெள்ளிக்கிழமை வர்றது வாராந்தம். சம்பளம், விலை, தடை, அனுமதி இந்த மாதிரி அவசரமான சமாச்சாரமெல்லாம் எந்த நாள்லயும் வரக்கூடிய அதிவிசேடத்துல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் சிங்களம், தமிழ், இங்கிலீசுன்னு மூணு லிங்க். வட்ஸ்அப்ல யாராவது "கெசட் வந்தாச்சு"ன்னு அனுப்பினா நான் செய்ற மொத வேல, கெசட் நம்பரும் திகதியும் கேக்குறது. நம்பர் மேல மூலையில சாய்கோடு போட்டு ரெண்டு துண்டா இருக்கும். நம்பர் இல்லாம வெட்டி ஒட்டுன படம் வந்தா அத நம்பி லெட்டர் குடுத்துறாதீங்க.

திறந்தாச்சு, இப்ப படிக்கணும். இங்கதான் நம்மாளுங்க பயந்து மூடிர்றது, ஏன்னா அந்தத் தமிழ் நம்ம தமிழ் இல்ல. "சந்தர்ப்பம் வேறுவகையாகத் தேவைப்படுத்தினாலன்றி"ன்னு ஒரு வரி வரும், எங்க தமிழ் சேரே அதுக்கு ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டாரு. முழுசாப் படிக்கத் தேவையே இல்ல. ரெண்டு எடம் போதும். மொத பிரிவு, "சுருக்கப் பெயர்"னு இருக்கும், நடைமுறைத் திகதி பெரும்பாலும் அங்கயேதான். அப்புறம் நேரா கடைசிப் பக்கம் போங்க, "பொருள்கோடல்"னு ஒரு பிரிவு. "தொழிலாளி"ன்னா யாரு, "தொழில்தருநர்"னா யாருன்னு அங்க சொல்லியிருப்பாங்க. நீங்க அந்த அர்த்தத்துக்குள்ள வர்றீங்களான்னு பாருங்க, வரலைன்னா நடுவுல எவ்வளவு நல்லது எழுதியிருந்தாலும் அது அடுத்த வீட்டுக் கல்யாணச் சாப்பாடு. இன்னொண்ணு, அநேகமா எல்லாச் சட்டத்துலயும் கடைசியில ஒரு வரி இருக்கும், சிங்களத்துக்கும் தமிழுக்கும் முரண்பாடு வந்தா சிங்களம்தான் மேல நிக்கும்னு. படிக்கிறப்போ வயிறெரியும், ஆனா தெரிஞ்சு வச்சுக்கங்க. பெரிய காசு சம்பந்தப்பட்ட விஷயம்னா அந்த ஒரு பிரிவ மட்டும் சிங்களத்துலயும் பிரிண்ட் எடுத்து, வாசிக்கத் தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டி ஒரே மாதிரி இருக்கான்னு கேட்டுக்கங்க. இண்டர்நெட்டுக்கு வழியில்லைன்னா 1919க்கு அடிச்சுக் கேக்கலாம், அரசாங்கத் தகவல் நிலையம், தமிழ்லயும் பேசுவாங்க.

இப்ப யாருக்குங்கிற கேள்வி. இதுல அதிகமா கொழம்புறது சம்பளம்தான், அதனால இத கொஞ்சம் இழுத்தே சொல்றேன். மலையகத்துல ரெண்டு விதமான சம்பளச் சட்டம் ஒரே லயக்காம்பராவுக்குள்ள இருக்கு. அம்மா தோட்டத்துல நாள் சம்பளத்துக்குப் பேர் போடுறாங்க, மகன் கொழும்புல கடையில நிக்கிறான், மக டவுன்ல துணிக்கடைல வேல. அம்மாவோட சம்பளம் 1941ஆம் வருஷத்து சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்து வழியா வர்றது. தேயிலைக்கு ஒரு சம்பள நிர்ணய சபை, அதுல தொழிற்சங்கம், கம்பனி, அரசாங்கம் நியமிச்சவங்க மூணு பக்கமும் உக்காந்து முடிவெடுத்து, அமைச்சர் சரின்னு சொல்லி, கெசட்ல வரணும். மகனுக்கும் மகளுக்கும் வர்றது 2016ஆம் வருஷத்து தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம், பார்லிமென்ட் வழியா. ஒண்ணு கூடுனா மத்தது தானா கூடாது. டீவியில "சம்பளம் கூடிருச்சு"ன்னு சொல்றப்போ எந்தச் சட்டத்துல கூடுச்சுன்னு கேக்காமத்தான் அம்மா ஒரு பக்கம் சந்தோஷப்பட்டு மகன் ஒரு பக்கம் ஏமாந்து போறது.

அம்மாவோட பக்கம் 2026 பட்ஜெட்ல வந்த சேதி என்னன்னா, அடிப்படை 1,350ஐ 1,550 ஆக்கி, அதுக்கு மேல வேலைக்கு வந்த நாளுக்கு 200ஐ அரசாங்கம் குடுக்கும்னு. மொத்தம் 1,750. வாய்ல எல்லாரும் 1,750ன்னுதான் சொல்றது, ஆனா அது ரெண்டு கணக்கு. சம்பளத் துண்டக் கையில எடுத்தா எந்த வரி அடிப்படை, எந்த வரி வருகைக் கொடுப்பனவு, எந்த வரி மேலதிக கிலோவுக்குன்னு தனித்தனியா பேனாவுல வட்டம் போடுங்க. அப்புறம் ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, எந்தத் தொகைக்கு மேல கழிச்சிருக்காங்கன்னு பாருங்க. கேள்வி இருந்தா கிளாக்கர் ஐயாகிட்ட "ஏன் கொறஞ்சிருக்கு"ன்னு மொட்டையா கேட்டா ஒரு மொட்ட பதில்தான் வரும், "இந்த வரியில இந்த நம்பர் எப்புடி வந்துச்சு"ன்னு கேளுங்க, அதுக்கு அவரு கால்குலேட்டர எடுத்தே ஆகணும்.

மகன், மக பக்கம் நெலம தெளிவா இருக்கு. 2025க்கு முன்ன குறைந்தபட்சம் 17,500, அதோட 2005லயும் 2016லயும் வந்த வரவுசெலவு நிவாரணப்படி 1,000மும் 2,500மும் சேத்து 21,000. அதெல்லாத்தையும் ஒண்ணாக்கி 2025 ஏப்ரல் 1லருந்து 27,000, 2026 ஜனவரி 1லருந்து 30,000ன்னு திருத்தம் வந்துச்சு. நாள் கூலியா பாத்தா 1,080, இப்ப 1,200. ஒரே சட்டம், ரெண்டு திகதி, கவனிங்க. போன வருஷம் 27,000 குடுத்த முதலாளி "நான் சட்டப்படிதான குடுக்குறேன்"னு இப்பவும் சொன்னா அது பழைய கலண்டர்.

தங்கச்சி ஒண்ணு ஜனவரி முடிஞ்சு துண்டக் கொண்டாந்துச்சு, "அண்ணே 30,000ன்னாங்க, 27,600தான் கையில வந்திருக்கு, 2,400 எங்க"ன்னு. அது சரியான கழிவு. 30,000க்கு 8 வீதம் உங்க ஈபிஎப் பங்கு, 2,400. அதுக்கு மேல முதலாளி தன் கையிலருந்து 12 வீதம், அதாவது 3,600, ஈபிஎப்புக்குக் கட்டணும், 3 வீதம் 900 ஈடிஎப்புங்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டணும். இந்த 4,500 உங்க சம்பளத்துல கை வைக்காம அவரோட செலவுல போகணும். அடுத்த வாரமே அதே ரோட்டுல வேற கடையில நிக்கிற பொடியன் வந்தான், கையில 24,000. பின்னால திருப்பிப் பாத்தா முதலாளி பங்கு 12 வீதத்தையும் இவன் சம்பளத்துலயே கழிச்சிருக்காரு, 2,400ம் 3,600ம் சேத்து 6,000. அது சட்டப்படி கெடையாது. இன்னொரு எடத்துல இன்னும் சாமர்த்தியம், துண்டே குடுக்குறதில்ல, வெள்ளத் தாள்ல தொகைய மட்டும் பென்சில்ல எழுதிக் குடுப்பாங்க. பென்சில்ல எழுதுனத அன்னைக்கே போன்ல போட்டோ புடிங்க, திகதி தானா விழும்.

ஈபிஎப் உண்மையிலயே கட்டுறாங்களான்னு தெரியணும்னா நம்பர் வேணும், முதலாளியோட நம்பர், சாய்கோடு, உங்க அங்கத்துவ நம்பர். காசு இருக்குறது மத்திய வங்கியில. ரெண்டு வருஷம் வேல செஞ்சும் நம்பர் தெரியலைன்னா பெரும்பாலும் கட்டலைன்னு அர்த்தம், என் அனுபவம்.

இப்ப மூணாவது கேள்வி, எந்த ஜன்னல். சம்பளம், ஈபிஎப், சேவைக்காலப் பணம் இது மூணும் தொழில் திணைக்களம். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டின்னு லேபர் ஒபீஸ் இருக்கு. போறப்போ வெறுங்கையா போனா "நாளைக்கு வாங்க"தான். கொண்டு போக வேண்டியது ஐடென்டிகாட் கொப்பி, துண்டு இருந்தா அத்தனையும், வேலைக்குச் சேந்த திகதி, முதலாளியோட பேரும் கடை விலாசமும், நியமனக் கடிதம் இருந்தா அது. கடை, ஒபீஸ்ல வேல செய்றவங்களுக்கு 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, கிழமைக்கு 45 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 8, அதுக்கு மேல நின்னா ஒண்ணரை மடங்கு. காலையில 8 மணிக்கு ஷட்டர் தூக்கி ராத்திரி 8 மணிக்கு இறக்குற பிள்ளைங்க இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க, தலை சுத்தும். ஒத்தையா முறைப்பாடு குடுக்கப் பயமா இருந்தா கூட நிக்கிற மூணு பேர சேத்துக்கங்க. எழுத்துல குடுங்க, ஒரு கொப்பியில "கிடைத்தது"ன்னு சீல் வாங்கிக்கங்க. சீல் இல்லாத முறைப்பாடு பொலிஸ்ல சொல்லாத திருட்டு மாதிரி.

சேவைக்காலப் பணத்துக்குத் திரும்ப வர்றேன், ஏன்னா பேர எடுக்கப் போறவங்க இத வாசிக்கிறீங்கன்னு தெரியும். 1983ஆம் வருஷத்து கிரெச்சுவிட்டி சட்டம். 15 பேரோ கூடவோ வேல செய்ற எடமா இருக்கணும், அஞ்சு வருஷமாவது முடிச்சிருக்கணும், மாசச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், நாள் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியா வாங்குன சம்பள வீதத்துல. வேலய விட்டு 30 நாளுக்குள்ள குடுக்கணும், தாமதிச்சா மேல வட்டி மாதிரி மிகை கட்டணும். "கடைசியா வாங்குன"ங்கிற அந்த வார்த்தைலதான் பெரியம்மா விழுந்தாங்க. சம்பளக் கெசட் ஒண்ணு வரப் போகுதுன்னு பேச்சு இருந்தா, உடம்பு எடம் குடுத்தா, புது வீதத்துல ஒரு மாசமாவது துண்டு வாங்கிட்டு லெட்டர் குடுங்க. "வயசாயிருச்சு, நீயா எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னு யாராவது அவசரப்படுத்தினா 2021ல வந்த சட்டத்தச் சொல்லுங்க, 15 பேரோ கூடவோ வேல செய்ற தனியார் எடத்துல ஆகக் கொறைஞ்ச ஓய்வு வயசு 60. ஈபிஎப் பெண்களுக்கு 50லயும் ஆண்களுக்கு 55லயும் எடுக்கலாங்கிறதால நம்மூர்ல அதுதான் ஓய்வு வயசுன்னு ஒரு நெனைப்பு இருக்கு. ரெண்டும் வேற வேற.

அப்புடி எடுத்த காச பேங்க்ல பிக்ஸட்ல போட்டு வட்டியில சாப்புடுறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். 2025 ஏப்ரல் 1லருந்து வட்டியில புடிக்கிற வரி 5 வீதத்துலருந்து 10 ஆயிருச்சு. வருஷத்துக்கு 80,000 வட்டின்னா 8,000 போயிரும். ஆனா வருஷ வருமானம் மொத்தமா 18 லட்சத்துக்குக் கீழ இருக்குறவங்க சுய பிரகடனப் போம் ஒண்ணு பேங்க்ல குடுத்தா புடிக்க மாட்டாங்க. நம்ம லயத்துல 18 லட்சம் வருமானம் யாருக்கு இருக்கு, சொல்லுங்க? ரெண்டு பேங்க்ல கணக்கு இருந்தா ரெண்டுலயும் குடுக்கணும், ஏப்ரல் மாசம் வரி வருஷம் மாறுறப்போ திரும்பக் குடுக்கணுமான்னு கவுண்டர்ல கேட்டுக்கங்க.

சில்லறைச் சட்டங்களும் இருக்கு. 2025 நவம்பர் 1லருந்து கடையில பொலித்தீன் சொப்பிங் பேக் சும்மா குடுக்கக் கூடாது, விலைய பில்லுல காட்டணும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையோட கட்டளை. நம்ம அம்மாமாருக்கு இது ஒரு விஷயமே இல்ல, பன் பையக் கையில எடுக்காம டவுனுக்கு எறங்குனதே இல்ல. எரிச்சல் என்னன்னா ஒரு கடையில பேக்குக்குக் காசு வாங்குனாங்க, பில்லுல அது இல்ல. கேட்டா "மெஷின்ல இன்னும் ஏத்தல"ன்னாங்க, பேக் காச வாங்குறதுக்கு மட்டும் மறக்கல. அந்த மாதிரிக்கு அந்த அதிகார சபையோட ஹொட்லைன் 1977க்கு அடிங்க. பிள்ளைங்கள வேலைக்கு அனுப்புற வயசு 14ன்னு இன்னும் நெனைச்சுக்கிட்டு இருக்குறவங்களுக்கு, 2021லருந்து அது 16. கொழும்புல வீட்டு வேலைக்கு "14 முடிஞ்சிருச்சு, சட்டம் எடம் குடுக்குது"ன்னு தரகர் வந்து உக்காந்தா எழுப்பி அனுப்புங்க, சிறுவர் பாதுகாப்பு ஹொட்லைன் 1929க்கும் ஒரு கோல் போடுங்க.

ரோடு, தண்ணி, கானு பத்தி ஒரு சட்டத்த எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. முன்னாடி தோட்டத்துக்குள்ள ரோடு போடச் சொன்னா பிரதேச சபையில "அது தனியார் காணி, சபை காசு செலவழிக்க சட்டத்துல எடமில்ல"ன்னுதான் சொல்றது. அது பொய்யில்ல, 1987ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டம் அப்புடித்தான் இருந்துச்சு. 2018ல 33ஆம் பிரிவத் திருத்தி தோட்டத்துக்குள்ளயும் வேல செய்யலாம்னு ஆக்கிட்டாங்க. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனைன்னு புதுப் பிரதேச சபைகளும் வந்திருச்சு. 2025 மே 6 தேர்தல்ல நீங்க ஓட்டுப் போட்ட மெம்பர் பழைய பதிலச் சொன்னா 2018ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க.

காசு இல்லைன்னு சொல்வாங்க, அது வேற கத. உண்மையிலயே இல்லையா, எங்க போச்சுன்னு தெரியணும்னா தகவல் அறியும் உரிமை. பிரதேச சபை, டிஎஸ் ஒபீஸ்ங்கிற பிரதேச செயலகம், லேபர் ஒபீஸ், அரசாங்கப் பாடசாலை எல்லாத்துலயும் தகவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும். போம் இருக்கு, இல்லைன்னா வெள்ளத் தாள்லயும் எழுதலாம். ஏன் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. நான் எழுதிக் குடுக்குறது இப்புடித்தான்:

"தகவல் அலுவலர் அவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவலைக் கோருகிறேன். 2025ஆம் ஆண்டில் எமது வட்டாரத்தில் வீதித் திருத்தத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவழித்த தொகை, ஒவ்வொரு வேலையின் பெயர், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை. தமிழில் தரவும்."

அவ்வளவுதான். "ஏன் எங்க ரோட்ட கவனிக்கல"ன்னு எழுதாதீங்க, அது முறைப்பாடு, அதுக்கு "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது"ன்னு ஒரு வரி வரும். ஒரு தாள்ல இருக்கக்கூடிய நம்பரக் கேளுங்க. குடுத்ததுக்கு ரசீது வாங்குங்க, அவங்க 14 வேல நாளுக்குள்ள தர்றோமா இல்லையான்னு பதில் சொல்லணும். இல்லைன்னு வந்தா, இல்ல ஒண்ணுமே வரலைன்னா, 14 நாளுக்குள்ள அதே ஒபீஸ்ல குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேல்முறையீடு, அதுக்கும் சரி வரலைன்னா ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்புல இருக்குற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தோட்டக் கம்பனிகிட்ட இத வச்சு நேரா கேக்குறது கஷ்டம், ஆனா கம்பனி உங்க ஈபிஎப்பக் கட்டுச்சா, கட்டலைன்னா என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு லேபர் ஒபீஸ்ல கேக்கலாம். இது எங்க கடையிலருந்து அதிகமாப் போற லெட்டர்.

அந்தப் பதில் சிங்களத்துல வந்தா? வரும். போன வருஷம் ஒரு ஒபீஸ்லருந்து எனக்கே வந்துச்சு, மூணு பக்கம், ஒரு எழுத்து தமிழில்ல. நம்ம நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல பல டிஎஸ் பிரிவுகள 1999லயே கெசட் பண்ணி இருமொழிப் பிரிவுன்னு அறிவிச்சிருக்காங்க. தமிழ்ல எழுதுனா தமிழ்ல பதில் கேக்குறது கெஞ்சிக் கேக்குற உதவியில்ல. லெட்டரத் திருப்பி அனுப்பாதீங்க, கொப்பி எடுத்துட்டு "தமிழில் தரவும்"னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, அப்பயும் வரலைன்னா அரசகரும மொழி முறைப்பாட்டு ஹொட்லைன் இருக்கு. நம்பர் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்தது எந்த வருஷம்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த நம்பரப் பாத்தா சிரிப்பும் வரும் வேற ஒண்ணும் வரும், எந்த அதிகாரி யோசிச்சு வச்சாரோ. எனக்குத் தமிழ்ல திரும்ப வர அஞ்சு வாரம் ஆச்சு. வந்துச்சு.

தபால்ல அனுப்புறதுன்னா பதிவுத் தபால். அந்தச் சின்ன ரசீதுல மை ரெண்டு மூணு மாசத்துல அழிஞ்சிரும், மேல்முறையீடு எழுதப் போறப்போ பாத்தா வெள்ளத் தாள் மட்டும் இருக்கும். அதனால அனுப்புன அன்னைக்கே லெட்டர் கொப்பியோட பின்பக்கத்துல வச்சு ஒரு போட்டோகொப்பி அடிச்சுக்கங்க. என் கடையிலதான் அடிக்கணும்னு இல்ல.